ஓங்கிய கையும் உரிமை இழந்த கையும்

சிறுவர் படித்து எறிந்துவிடும் படக்கதைப் புத்தகம் ஒன்றை இலக்கியத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தகுமோ என்று நேயர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். காப்பியங்களையும் கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் ஆராய்ந்து வந்த ஏட்டில், வண்ணப் படங்களும் வாய்ச் சண்டையும் நிறைந்த ஓர் அமெரிக்கப் புத்தகத்துக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சில திங்களுக்கு முன்பு யானும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்.

ஒருநாள் மாலை, பாடம் முடிந்து கிதாபுகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்த வேளையில், மாணவர் ஒருவர் மெல்லிய மறுபதிப்பு ஒன்றை என்முன் நீட்டினார். "ஹஜ்ரத், இதன் முதற்பதிப்புப் பிரதி ஒன்று முப்பத்தொரு லட்சம் டாலருக்கு மேல் விலை போயிருக்கிறது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்டார். விலையைச் சொல்லி ஒரு நூலின் பெருமையை அளப்பது எனக்கு உவப்பன்று. ஆயினும் கேட்டவர் கல்வி ஆர்வமுள்ள பிள்ளை. நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்று மூன்று இரவுகள் படித்தேன். அதன் ஆசிரியர்களின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல நினைத்த விடையே இக்கட்டுரை.

நூலின் பெயர் 'கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்', முதல் இதழ். நியூயார்க் நகரில் மார்ட்டின் குட்மன் என்பார் நடத்திய டைம்லி பதிப்பகம் வெளியிட்டது. அட்டையில் 1941 மார்ச் என்று அச்சிட்டிருப்பினும், கடைகளுக்கு வந்தது 1940 டிசம்பர் 20 ஆம் நாள். விலை பத்து சென்ட். எழுதி வரைந்து உருவாக்கியவர்கள் ஜோ சைமன், ஜாக் கிர்பி என்னும் இரு இளைஞர்கள். அப்போது சைமனுக்கு வயது 27, கிர்பிக்கு 23. இதழ் ஏறத்தாழப் பத்து லட்சம் பிரதிகள் விற்றது என்பர்.

இந்நாளை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஜப்பானியர் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தைத் தாக்கியதும், அதன்பின் அமெரிக்கா போரில் இறங்கியதும் 1941 டிசம்பரில் நிகழ்ந்தவை. இந்நூல் அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே வந்துவிட்டது. போலந்தும் பிரான்சும் வீழ்ந்துவிட்டன. இலண்டன் மீது குண்டுமழை பொழிந்துகொண்டிருந்தது. ஆயினும் அமெரிக்க அரசு நடுநிலை வகித்தது. ஐரோப்பியச் சண்டை நமக்கெதற்கு என்பதே பெரும்பாலோர் எண்ணம். அதற்கும் மேலாக, ஹிட்லரைப் போற்றுவோர் அந்நாட்டிலேயே இருந்தனர். ஜெர்மன் அமெரிக்கன் பண்ட் என்னும் அமைப்பினர் 1939 பிப்ரவரி 20 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் நடத்திய கூட்டத்துக்குச் சுமார் 20,000 பேர் திரண்டனர். அத்தகைய நகரத்தில், அத்தகைய காலத்தில், நாட்டின் கொடியையே உடையாக அணிந்த ஒருவன் ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்தும் காட்சியை அட்டையில் வரைந்து வெளியிட்டார்கள் இவ்விருவரும்.

யார் இவர்கள்? ஜோ சைமனின் இயற்பெயர் ஹைமி சைமன். 1913 இல் ரோச்செஸ்டர் நகரில் பிறந்தவர். தந்தை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து வந்த தையற்காரர். ஜாக் கிர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பர்க். 1917 இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு என்னும் நெருக்கடி மிகுந்த குடியேறிகள் பகுதியில் பிறந்தவர். தந்தை ஆஸ்திரியாவிலிருந்து வந்து ஆடைத் தொழிற்சாலையில் உழைத்தவர். இருவருமே யூதக் குடும்பத்தினர். சைமன் செய்தித்தாள்களின் ஓவியப் பிரிவில் பணியாற்றிப் பயின்றவர். கிர்பி, போப்பாய் அசைபடங்களைத் தயாரித்த ஃப்ளைஷர் நிலையத்தில் ஓர் அசைவுக்கும் மறு அசைவுக்கும் இடைப்பட்ட படங்களை வரையும் சிறுபணி செய்தவர். தெருப் பையன்களின் கூட்டச் சண்டைகளில் அடித்தும் அடிபட்டும் வளர்ந்தவர் அவர். அந்த அனுபவம் பின்னாளில் அவருடைய தூரிகைக்குப் பயன்பட்டது.

இவர்கள் யூதர்கள் என்பதை யான் மறைக்கவில்லை. அதை மறைத்தால் நூலின் உயிரே மறைந்துபோகும். 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூதரின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டதையும், கடைகள் நொறுக்கப்பட்டதையும் இவர்கள் செய்தித்தாளில் படித்தனர். ஒருவன் எக்குலத்தான் என்று விசாரித்துவிட்டு அவனுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நிறுப்பது நீதியாகாது. இலக்கிய மதிப்பீட்டுக்கும் இது பொருந்தும்.

இனி அட்டைப்படத்தை நோக்குவோம். நடுவே கேப்டன் அமெரிக்காவின் வலக்கை ஹிட்லரின் முகத்தில் இறங்குகிறது. ஹிட்லர் நிலைகுலைந்து பின்னோக்கிச் சாய்கிறான். சுற்றிலும் நாஜிச் சிப்பாய்கள் சுடுகின்றனர். குண்டுகள் இடக்கைக் கேடயத்தில் பட்டுத் தெறிக்கின்றன. அமெரிக்காவில் நாசவேலை புரிவதற்கான திட்டமும் வரைபடமும் அந்த அறையிலேயே கிடக்கின்றன. தொலைவில் நடக்கும் நாசவேலையைக் காட்டும் திரையும் அங்கு இருக்கிறது. ஆக, ஓவியர் கூறும் வாதம் தெளிவானது: "நீங்கள் இவனை விட்டுவைத்தாலும் இவன் உங்களை விட்டுவைக்கமாட்டான்." நடுநிலை பேசிய நாட்டவரிடம் நீண்ட கட்டுரைகள் கூற முயன்றதை ஒரு படம் நொடிப்பொழுதில் கூறிவிட்டது.

தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் வெகுளி ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பைச் சிதைத்தலும், தன் குடியையும் சுற்றத்தையும் நலிதலும், வைதும் அடித்தும் அலைக்கழித்தலும், உயிரைக் கொல்லலும் வெகுளியைப் பிறப்பிக்கும் என்பது இதன் பொருள். இந்த அட்டையின் வெகுளி குடிகோளில் பிறந்தது. தம் சுற்றத்தார் கடல் கடந்த நாட்டில் நலிவுறுவதைக் கண்டும் கைகட்டி நிற்க நேர்ந்த இருவரின் சினம் அது. விற்பனைக்காகச் செய்துகொண்ட பொய்ச்சினம் எனில், அக்கையில் இத்துணை விசை வந்திராது.

வெகுளியோடு நகையும் உடன் நிற்கிறது. உலகமே அஞ்சிய ஒருவன் இங்கே தாடை கோணி, கால் தடுமாறி விழுகிறான். நகைக்குரிய நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல் அன்றோ? அறபு இலக்கியத்தில் வீரம் பாடும் கவிதையை ஹமாஸா என்றும், பகைவனை இகழ்ந்து பாடுவதை ஹிஜா என்றும் வகுப்பர். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அபூ தம்மாம் தொகுத்த புகழ்பெற்ற தொகைநூல் ஹமாஸா என்றே பெயர் பெற்றது. அந்நூலுள் ஹிஜாவுக்கும் ஓர் இயல் உண்டு. வீரமும் இகழ்ச்சியும் அருகருகே வாழ்பவை என்று பண்டைய அறபுப் புலவர்கள் அறிந்திருந்தனர். இந்த அட்டையில் அவ்விரண்டும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. அஞ்சத்தக்கவனை எள்ளத்தக்கவனாக்கிக் காட்டுவது சிறு செயலன்று. அச்சத்தை முதலீடாக வைத்து ஆள்பவனுக்கு அதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை.

இதனை எதிராளிகளே உணர்ந்துகொண்டனர். பதிப்பகத்துக்கு வசைக் கடிதங்களும் மிரட்டல் தொலைபேசி அழைப்புகளும் வந்தன. அலுவலகக் கட்டடத்தின் வாயிலில் ஐயத்துக்குரிய ஆட்கள் திரிந்தனர். பணியாளர்கள் உணவருந்த வெளியே செல்லவும் அஞ்சினர். காவலர் வந்து நின்றனர். நகர மேயர் லா கார்டியா தாமே தொலைபேசியில் அழைத்து, நகரம் உங்களைக் காக்கும் என்று உறுதி கூறினார் எனச் சைமன் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். ஒரு படக்கதைக்கு இத்தனை பகை எழுந்ததென்றால், அக்கதை தன் இலக்கைத் தைத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்நூல் தோன்றிய முறையும் கருதத்தக்கது. பொதுவாகக் கதாசிரியர் நாயகனை முதலில் படைத்து, அவனுக்கேற்ற பகைவனைப் பின்னர் தேடுவர். சைமன் தாம் பகைவனிலிருந்தே தொடங்கியதாகக் கூறுகிறார். உலகில் இன்று யாவரும் வெறுக்கும் தீயவன் யார் என்று எண்ணினார். ஹிட்லர் கண்முன் நின்றான். அவனை எதிர்க்க ஒருவன் தேவைப்பட்டான். கேப்டன் அமெரிக்கா ஒரு விடையாகப் பிறந்த நாயகன். இதுவே அவனுடைய வலிமை. பின்னர் காணப்போவது போல, இதுவே அவனுடைய குறையும்.

உள்ளே உள்ள கதைக்கு வருவோம். ஸ்டீவ் ரோஜர்ஸ் உடல் நலிந்த இளைஞன். படையில் சேர விரும்பிச் சென்று, தகுதியற்றவன் எனத் தள்ளப்படுகிறான். பேராசிரியர் ரைன்ஸ்டைன் என்னும் அறிஞர் கண்டுபிடித்த மருந்து அவனுக்கு ஊசிவழி ஏற்றப்படுகிறது. நலிந்த உடல் பேருடலாகிறது. உடனே ஒரு நாஜி ஒற்றன் அறிஞரைச் சுட்டுக் கொல்கிறான். மருந்தின் இரகசியம் அவரோடு மறைந்துவிட, ஓர் படையாகப் பெருகவேண்டியவன் ஒருவனாகவே நின்றுவிடுகிறான். படைமுகாமில் எளிய சிப்பாயாக ஒளிந்து வாழும் அவனுடைய இரகசியத்தை பக்கி என்னும் சிறுவன் கண்டுவிட, அவனும் துணைவனாகிறான். மேலும் சில கதைகளில் நாசவேலைக்காரர்களையும், சிவப்பு மண்டையோட்டு முகமூடி அணிந்த கொலைஞனையும் எதிர்க்கின்றனர். அட்டையில் கண்ட அந்தக் குத்து உள்ளே எக்கதையிலும் நிகழ்வதில்லை. சிறுவர்கள் ஏமாந்திருப்பார்களோ? இல்லை என்றே எண்ணுகிறேன். அட்டை ஒரு வேட்கையைச் சொன்னது; கதைகள் அவ்வேட்கையின் பக்கத்தில் நடந்தன.

கதைப் பின்னலைவிடச் சித்திர நடையே இந்நூலில் சிறந்து நிற்கிறது. அந்நாளையப் படக்கதைகளில் மாந்தர் கட்டத்துக்குள் அடங்கி, மேடை நடிகர் போல நிற்பர். கிர்பியின் மாந்தர் கட்டத்துக்குள் நிற்பதில்லை. கை ஒரு கட்டத்தைத் தாண்டும், கால் அடுத்த கட்டத்தில் ஊன்றும். அடி விழும் கணத்தைவிட, அடிக்க உடல் திரும்பும் கணத்தையும் அடிபட்டவன் பறக்கும் கணத்தையும் அவர் தேர்ந்து வரைகிறார். இடைப்பட்ட அசைவுகளை வரைந்து பழகியவரல்லவா? தெருச்சண்டையில் உடல் எவ்வாறு வளையும் என்பதைக் கண்டவரல்லவா? எழுத்தறியாப் பிள்ளையும் அந்தப் பக்கங்களின் ஓட்டத்தைப் பின்பற்ற முடியும்.

இனிக் குறைகளைச் சொல்லவேண்டும். குறை கூறாத திறனாய்வு விளம்பரமாகிவிடும்.

முதலாவது, மருந்தால் ஆன வீரம். பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை எனும் நான்கை நிலைக்களனாக நம் முன்னோர் வைத்தனர். ஸ்டீவுக்கோ பெருமை ஊசியில் வருகிறது. அதிலும் அவன் பொன்முடியும் கட்டுடலும் கொண்ட 'நிறைமனிதன்' ஆகிறான். ஆய்வுக்கூடத்தில் உயர்ந்த மனிதனைச் செய்துவிடலாம் என்பது யாருடைய கனவு? எந்தக் கொள்கையை எதிர்க்க எழுந்தார்களோ, அக்கொள்கையின் இலட்சிய உருவத்தையே இவர்களும் தம் நாயகனுக்கு அணிவித்துவிட்டனர். மருந்தைத் தருபவரின் பெயர் ஐன்ஸ்டைனை நினைவூட்டுவது என்பதும், தள்ளப்பட்ட நோஞ்சானே தேர்ந்தெடுக்கப்படுகிறான் என்பதும் இவ்விமர்சனத்தின் கூர்மையைச் சற்றே மழுக்குகின்றன. ஆனால் முற்றும் போக்கிவிடவில்லை.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. இதே முதல் இதழில் ஸாண்டோ, உமர் என்னும் இருவர் மேடையில் குறி சொல்பவர்களாக வருகின்றனர். அவர்கள் முன்னறிவிக்கும் அழிவுகள் நாஜிகளின் சதிச்செயல்கள். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு மதிப்போடு சூட்டும் உமர் என்ற பெயர், இங்கே காட்சிக்கூடக் குள்ளன் ஒருவனுக்குக் கீழ்த்திசை மர்மப் பூச்சாகப் பயன்படுகிறது. இரண்டாம் இதழில் கீழ்த்திசையினர் கதையொன்றில் அரக்கராகவே வருகின்றனர். 1941 இல் இதே இருவர் கைபட்டுத் தோன்றிய 'யங் அலைஸ்' என்னும் இதழில், கறுப்பினச் சிறுவன் ஒருவன் தடித்த உதடும் உளறு மொழியுமாகக் கேலியுருவாக வரையப்பட்டான். போர் தொடங்கியபின், பிறர் வரைந்த இதழ்களில் ஜப்பானியர் கோரைப்பல் முளைத்த விலங்குகளாயினர். ஓரினத்தை இழிவுபடுத்தியவனை எதிர்த்து ஓங்கிய கை, மற்றோரினத்தை இழிவுபடுத்தக் கூசவில்லை. ஹிட்லரை எள்ளியது அவன் செய்த செயலுக்காக. அச்சிறுவனை எள்ளியதோ அவன் பிறந்த பிறப்புக்காக. முன்னது ஹிஜா, பின்னது வெறும் இழிவு. அக்காலத்து வழக்கம் அது என்று கூறி ஒதுக்குவார் உண்டு. வழக்கம் என்பது விளக்கமாகலாம், மன்னிப்பாகாது.

மூன்றாவதாக ஒன்றைக் குறை என்பதா நிறை என்பதா என்று யான் இன்னும் முடிவு செய்யவில்லை. சிவப்பு மண்டையோட்டுக் கொலைஞன் யார் எனில், அமெரிக்க இராணுவத்துக்கு விமானம் செய்து தரும் தொழிலதிபர் மாக்சன் என்று இறுதியில் தெரிகிறது. பகைவன் உள்நாட்டுச் செல்வனாகவும் இருப்பான் என்று சிறுவர் நூல் ஒன்று சொல்லத் துணிந்தது வியப்பே. போராட்டத்தில் அவன் தன் நச்சூசியின் மேலேயே புரண்டு சாகிறான். தடுக்கக்கூடிய நிலையிலிருந்த நாயகன் தடுக்காமல் பார்த்து நிற்கிறான். சிறுவன் பக்கி அதைக் கண்டு, ஏன் தடுக்கவில்லை என்று வினவுகிறான். நாயகன் விடை சொல்லாமல் நழுவுகிறான். முழு நூலிலும் என்னை நிறுத்தி வைத்த இடம் இதுவே. வெகுளி எவ்வளவு நியாயமானதாயினும், அது மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் படைத்தவர்கள் அறிந்தோ அறியாமலோ வரைந்துவிட்டனர். வினாவைச் சிறுவனின் வாயில் வைத்ததும், விடையை வைக்காமல் விட்டதும் இந்நூலின் நேர்மையான பகுதி.

வெகுளி மெய்யாக இருந்ததாலேயே இந்நூல் நின்றது என்றேன். அதற்கு வரலாறே ஒரு சோதனை நடத்திக் காட்டியது. போர் முடிந்தபின் சோர்ந்துபோய் நின்றுவிட்ட இவ்விதழை, 1954 இல் பதிப்பகம் வேறு கைகளைக் கொண்டு மீண்டும் தொடங்கியது. அதே உடை, அதே கேடயம், அதே குத்து. பகைவர் மட்டும் பொதுவுடைமையாளர். மூன்று இதழ்களோடு அது படுத்துவிட்டது. அதே ஆண்டில் சைமனும் கிர்பியும் வேறொரு பதிப்பகத்தில் 'ஃபைட்டிங் அமெரிக்கன்' என்ற ஒத்த நாயகனைத் தொடங்கினர். விரைவிலேயே அதனைக் கேலிக் கதையாக மாற்றிக்கொண்டனர். 1940 இல் தம் சுற்றத்தார் மேல் விழுந்த அடிக்கு எதிரடி கொடுத்தவர்கள், பிறர் சொல்லிக்கொடுத்த பகைக்கு அதே முகத்தைக் காட்ட இயலாதவர்களாயினர். உடையும் கேடயமும் வீரத்தைத் தருவதில்லை. உள்ளே இருக்கும் காரணமே தருகிறது.

அந்தக் காரணத்துக்காக அவர்கள் தாமும் விலை கொடுத்தனர். சைமன் கடலோரக் காவற்படையில் சேர்ந்து குதிரைமீது கரையோர ரோந்து சுற்றினார். கிர்பி 1943 இல் படைக்கு அழைக்கப்பட்டு, 1944 ஆகஸ்டில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கினார். அவர் படக்கதை ஓவியர் என்று அறிந்த அதிகாரி ஒருவர், படைக்கு முன்னே சென்று இடங்களைப் பார்த்து வரைந்துவரும் ஆபத்தான பணியில் அவரை அமர்த்தினார். அவ்வாண்டுக் குளிரில் கால்கள் உறைந்து, அவற்றை வெட்டியெடுக்க நேருமோ என்னும் நிலையில் மருத்துவமனையில் கிடந்தார். மருந்தூசியால் மாவீரனானவன் கதையை வரைந்தவருக்கு, எந்த ஊசியும் மாயம் செய்யாத உண்மைப் போர் கிடைத்தது.

இப்போது உரிமையின் கதைக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது.

இதழின் ஆதாயத்தில் நூற்றுக்கு 25 பங்கு தருவதாகச் சைமனுக்கும் கிர்பிக்கும் பேச்சு இருந்தது. ஆனால் பதிப்பகத்தின் பிற செலவுகள் எல்லாம் இந்த ஓர் இதழின் கணக்கில் ஏற்றப்பட்டு, ஆதாயமே இல்லாதது போலக் காட்டப்படுகிறது என்று கணக்கர் ஒருவர் வழியாக அறிந்ததாகச் சைமன் எழுதுகிறார். அவர்கள் போட்டிப் பதிப்பகத்தோடு பேசத் தொடங்கினர், செய்தி கசிந்தது, பத்தாம் இதழோடு வெளியேறினர். அவ்விதழில் அச்சிடப்பட்ட திங்கள் 1942 சனவரி. நாடு மெய்யாகவே போரில் இறங்கிய வேளையில், அப்போரை முன்கூட்டித் தொடங்கிய நாயகன் அவனைப் படைத்தோர் கையில் இல்லை. பதினேழு, பதினெட்டு வயதில் அலுவலக உதவியாளராக வந்து சேர்ந்த ஸ்டான்லி லீபர் பொறுப்பேற்றார். ஸ்டான் லீ என்று பின்னாளில் உலகறிந்தவர் அவரே.

1964 இல் கேப்டன் அமெரிக்கா பனிக்கட்டிக்குள் உறைந்திருந்து மீண்டவனாக மறுபடி கதைக்குள் கொண்டுவரப்பட்டான். வரைந்தவர் அதே கிர்பி. ஆனால் இப்போது பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஓவியர். 1960களின் இறுதியில் சைமன் பதிப்புரிமை கோரி வழக்காடி, 1969 இல் உடன்பாட்டுக்கு வந்தார். கிர்பி 1980களில் தம் மூல ஓவியங்களைத் திரும்பக் கேட்டபோது, மற்ற ஓவியரிடம் ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய நிறுவனம், அவரிடம் மட்டும் நான்கு பக்க ஒப்பந்தத்தை நீட்டியது. 1987 இல் சுமார் இரண்டாயிரம் பக்கங்கள் திரும்பின. அவர் வரைந்து குவித்தவற்றில் அது ஒரு சிறு பகுதியே. 1994 இல் கிர்பி காலமானார். சைமன் மீண்டும் உரிமை கோரியபோது, 1969 உடன்பாடு அவர் வழியை அடைக்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002 இல் தீர்ப்பளித்தது. 2003 இல் இரு தரப்பும் சமரசம் கண்டன. 2011 டிசம்பரில், 98 ஆம் வயதில் சைமன் மறைந்தார். கிர்பியின் மக்கள் தொடுத்த உரிமைக் கோரிக்கை கீழ் நீதிமன்றங்களில் தோற்று, 2014 இல் உச்சநீதிமன்றத்தின் வாயிலில் சமரசமாயிற்று.

இனி விலை. 2022 ஏப்ரலில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் இம்முதல் இதழின் ஒரு பிரதி 31,20,000 டாலருக்கு விற்றது. பத்துக்கு 9.4 என்று தரமிடப்பட்ட பிரதி அது. இத்தகைய பிரதிகளைத் தரம்பார்க்கும் நிறுவனத்தார், பார்த்து முடித்தபின் கண்ணாடி போன்ற உறைக்குள் வைத்து முத்திரையிட்டுவிடுகின்றனர். முத்திரையை உடைத்தால் தரச்சான்று போய்விடும். ஆகவே அதை எவரும் புரட்டுவதில்லை. இந்தப் பிரதிகள் அரிதானதற்குக் காரணங்களுள் ஒன்று, போர்க்காலத்தில் நடந்த பழந்தாள் சேகரிப்பு. நாட்டுக்குத் தாள் தேவை என்று கேட்டபோது, சிறுவர்கள் தம் படக்கதைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தனர். கேப்டன் அமெரிக்கா சொல்லிக்கொடுத்ததைச் செய்தவர்களின் பிரதிகள் கூழாயின. செய்யாதவர்களின் பிரதிகளும் மறந்து கிடந்தவையுமே இன்று பொன்னாயின. சேகரிப்போரை யான் குறை கூறவில்லை. அவர்கள் காத்திராவிடில் இன்று நமக்குப் பார்க்கவும் ஒரு பிரதி கிடைத்திராது. எனினும் அந்த முப்பத்தொரு லட்சத்தில் ஒரு சென்ட்கூட வரைந்த கைக்கோ அக்கையின் வாரிசுக்கோ ஏல விதியின்படி சேர்வதில்லை என்பதை நினையாமல் இருக்க முடியவில்லை.

பிறருடைய உழைப்பை நம் கையில் வைத்திருப்பது அமானிதம். அவருடைய பங்கை அவருக்குச் சேர்ப்பது ஹக்கு. நம் வீட்டுப் பெரியோர் இவ்விரு சொற்களையும் அன்றாடம் ஆள்கிறார்கள். நூலுலகுக்கும் இவை பொருந்தும். ஒரு படைப்பு கடைத்தெருவில் கைமாறுந்தோறும் விலை ஏறும். படைத்தவரின் பங்கு மட்டும் முதற்கையிலேயே நின்றுவிடும். தன்னிலும் வலியவனை எதிர்த்து நில் என்று சொன்ன கதையைப் படைத்தவர்கள், தம் வாழ்வின் பெரும்பகுதியை வலிய நிறுவனத்தின் எதிரே நின்றே கழித்தனர். அட்டையில் ஓங்கிய கை எளிதில் வென்றது. அதை வரைந்த கை வென்றதா என்றால், பாதி என்றுகூடச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அம்மாணவரிடம் நூலைத் திருப்பிக் கொடுத்தேன். "இதில் இருப்பது நியாயமான ஒரு சினம், அதை வரையத் தெரிந்த ஒரு கை, அக்கையில் சில கறைகள். முப்பத்தொரு லட்சம் கொடுத்தவர் வாங்கிய பிரதி உறைக்குள் இருக்கிறது. நீர் வைத்திருப்பதைப் புரட்டலாம். ஆகையால் உம்முடையதே மேல்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பக்கி கேட்டதற்கு விடை என்ன, ஹஜ்ரத்?" என்றார். அவரும் அந்த இடத்தில் நின்றிருக்கிறார் என்பதை அறிந்து மகிழ்ந்தேன். விடை என்னிடமும் இல்லை. அடுத்த பாடத்தில் அதையே பேசுவோம் என்று சொல்லி அனுப்பினேன்.